தானியேலும் மூன்று தோழரும், நம் மலைப் பிள்ளைகளும்



நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடமிருந்து சபைக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளில், மலையிலிருந்து இறங்கி வந்து படிப்போரையும் ஏலத்தோட்டக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளையும் தனியே ஒரு குழுவாகச் சனிக்கிழமை மாலைகளில் கூட்ட வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுகோள். பொது வகுப்பில் இப்பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. தம்மைப் போன்றோர் நடுவில் அமர்ந்தால் பேசுவார்கள், பாடுவார்கள், தாம் யார் என்பதை வெட்கமின்றிச் சொல்வார்கள் என்று அவர்கள் கருதுகிறார்கள். இதைக் கேட்ட மூப்பர் ஒருவர் மிகவும் மனம் வருந்தினார். ஆறு வயதுப் பிள்ளைகளையே இனம் பிரித்து உட்கார வைப்பதானால் நமக்கும் ஊருக்கும் என்ன வேறுபாடு என்பது அவர் கேள்வி. இரு தரத்தாரும் நல்ல மனதோடுதான் பேசுகிறார்கள். இருவரும் வேதத்தையே துணைக்கு அழைக்கிறார்கள்; இருவருக்கும் வேதத்தில் இடமும் இருக்கிறது. ஆகையால் இதை அவசரமாக முடித்துவிடாமல், இவ்வாரத் தியானத்தில் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில், நாம் பேசுவது எந்தப் பிள்ளைகளைப் பற்றி? நீங்கள் அறிந்தவர்களே. போடிநாயக்கனூரின் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டு போனது ஏலக்காய். ஆனால் அந்த ஏலக்காயைப் பறிக்கும் கை பெரும்பாலும் நம் ஊர்களின் தாய்மாருடையது. விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கேரள எல்லைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குச் செல்லும் அவர்கள் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். பிள்ளை கண் விழிக்கையில் தாய் இல்லை. தாய் திரும்புகையில் பிள்ளை உறங்கிவிட்டது. இடையிலுள்ள பகல் முழுவதும் அம்மாச்சியின் பொறுப்பு, அல்லது அப்பத்தாவின் பொறுப்பு. இவர்களோடு, குரங்கணிச் சரிவுகளிலும் அதற்கு மேலும் வாழும் முதுவர் பிள்ளைகள் சிலரும் பளியர் பிள்ளைகள் சிலரும் இருக்கிறார்கள். வீட்டில் அவர்கள் பேசும் பேச்சுக்கும் பள்ளிப் புத்தகத்தின் தமிழுக்கும் இடையே உள்ள தூரத்தை நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் அளந்து பார்த்திருக்கிறோம்? இன்னொரு திசையிலும் இக்கதை உண்டு. எல்லைக்கு அப்பால் தோட்டத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இடுக்கி மாவட்டத்தில் மொழிச் சிறுபான்மையராய் வளர்கிறார்கள். அங்கே தமிழ்வழிப் பள்ளிகள் நடப்பதை நாம் ஒருபோதும் பிரிவினை என்று சொன்னதில்லை. உரிமை என்றே சொல்கிறோம்.

இவ்விண்ணப்பத்தின் கருத்து நம் மண்ணில் மட்டும் முளைத்ததன்று. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரே இனத்தையோ மொழியையோ சேர்ந்த பிள்ளைகளைச் சில மணி நேரம் தனியே கூட்டும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. பெரிய வகுப்புகளில் தொடங்கிய இது மெல்லச் சிறு வகுப்புகளுக்கும் இறங்கியது. நியூயார்க் நகரின் ஃபீல்ட்ஸ்டன் பள்ளி, தன் தொடக்கப் பிரிவின் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது 2015-இல் பெரிய செய்தியாயிற்று. எட்டு வயதுப் பிள்ளைகள் ஒரு பட்டியலைப் பார்த்துத் தாம் எந்த இனம் என்று குறிக்க வேண்டும். அவ்வக் குழுவில் பேசிய பிறகு எல்லாரும் கலந்து பேச வேண்டும். தனித்து நின்ற கறுப்பினப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதை மகிழ்ந்து வரவேற்றனர். தங்களை யூதர் என்றே எண்ணி வளர்ந்த குடும்பங்கள் சிலவோ, தம் பிள்ளைகள் 'வெள்ளையர்' என்ற கட்டத்துக்குள் போக நேர்ந்ததைக் கண்டு வெகுண்டன. பட்டியல் போட்டவர்களின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பட்டியலிலும் எல்லாப் பிள்ளையும் அடங்குவதில்லை.

அப்பள்ளியை நடத்தியோர் காட்டிய நியாயத்தை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. சிறு பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, நாம் பேசாதிருந்தால் அதன் மனம் வெள்ளைத் தாளாகவே இருக்கும் என்று நம்புவது பெரியவர்களாகிய நமக்கு வசதியான நம்பிக்கை. கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதியர் மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினப் பிள்ளைகளிடம் கறுப்புப் பொம்மையையும் வெள்ளைப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையையே காட்டினார்கள். யாரும் உட்கார வைத்துக் கற்பிக்காமலே அந்த வயதுக்குள் அவமானம் அவர்களுக்குள் இறங்கியிருந்தது. அதே ஆய்வு எதற்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாது என்று தீர்த்தபோது அது சுட்டிய சான்றுகளில் இதுவும் ஒன்று. பிள்ளை தன் அடையாளத்தை முன்னமே அறிந்திருக்கிறது என்ற உண்மை, தனிக்குழு கேட்போருக்கும் உதவுகிறது, தனிக்குழு வேண்டாம் என்போருக்கும் உதவுகிறது!

நம் நாட்டுக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் பிள்ளைகளைப் பிறப்பால் பிரிக்கும் பேச்சு எழுந்தவுடன் நம்மில் பலர் கொதிப்பதற்கு நூறாண்டுக் காரணம் உண்டு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பெற்றோரின் விருப்பம் என்று சொல்லி, இரண்டே இரண்டு பிராமணச் சிறுவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. இரண்டு சிறுவர், ஒரு சாப்பாட்டு வரிசை, அவ்வளவே. 1924, 1925 ஆண்டுகளில் அது மாகாணக் காங்கிரசையே உலுக்கிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்து நின்றனர். காந்தியடிகள் வரை வழக்கு சென்றது. தேச விடுதலைக்காகத் தன் வாழ்வையே பணயம் வைத்த ஐயர் தீய மனிதர் அல்லர். நல்ல மனிதர் ஒருவர் பெற்றோரின் சொல்லுக்கு இணங்கி இட்ட ஒரு சிறு கோடு அது என்பதால்தான் அந்நிகழ்ச்சி எனக்கு இன்னும் அச்சத்தைத் தருகிறது.

அண்மைக் காலத்தில் நடந்தது இதனினும் கொடியது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவன், தன் வீட்டிலேயே, தன்னோடு பயின்ற மாணவர்களால் அரிவாளால் வெட்டப்பட்டான்; தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு 2024 ஜூன் மாதத்தில் தன் அறிக்கையை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் மாணவர் கைகளில் கூடாது. வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படியே அமர வைக்க வேண்டும். பள்ளிப் பெயர்களின் முன்னுள்ள சாதிச் சொற்கள் நீங்க வேண்டும் என்பன அதன் பரிந்துரைகளில் சில. கையில் கட்டிய ஒரு கயிறு, தம்மைப் போன்றோர் யார் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு கூடுவதற்கான குறி. அதுவும் ஓர் 'அடையாளக் குழு' தானே? ஆசிரியர் யாரும் அதை அமைக்கவில்லை, அட்டவணை எதுவும் அதற்கு இல்லை. ஆயினும் நம் தென்மாவட்டப் பள்ளிகளில் அது எந்தச் சாரணர் படையையும் விட ஒழுங்காக இயங்கி வந்திருக்கிறது.

பள்ளிப் பெயர்களைப் பற்றிய பரிந்துரை நம் தேனி மாவட்டத்தை நேரே தொட்டது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கின்றன. ஒரு சமூகம் முழுவதையும் பிறவிக் குற்றவாளிகள் என்று சட்டம் முத்திரை குத்திய காலத்தில், 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்ட பிறகு, அச்சமூகத்தின் பிள்ளைகளுக்கென வளர்ந்த பள்ளிகள் அவை. அடக்கியாண்ட அரசு 'சீரமைக்க' எண்ணித் தொடங்கியதை, அம்மக்கள் தம் படிப்பின் படிக்கட்டாக மாற்றிக்கொண்டார்கள். இன்று அங்கே எல்லாச் சமூகப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். 2023 நிதிநிலை அறிக்கையில் இத்தகைய பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவரும் அறிவிப்பு வெளியானபோது உசிலம்பட்டிப் பக்கத்தில் எழுந்த எதிர்ப்பை வெறும் சாதிப் பிடிவாதம் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. பெயர் போனால் பாட்டன் பட்ட பாட்டின் நினைவும் போய்விடும் என்ற அச்சம் அதில் இருந்தது. அதே வேளையில், ஒரு சாதியின் பெயர் எழுதிய வாசல் வழியே நாள்தோறும் நுழைகிற வேறு சமூகத்துச் சிறுமியின் மனதையும் நாம் எண்ணாதிருக்க முடியாது. பள்ளிப் பெயர் மாறலாம், வரலாறு பாடத்தில் இருக்கட்டும் என்பதே என் கருத்து. உங்களில் சிலர் இதை ஏற்கமாட்டீர்கள் என்பதையும் அறிவேன்.

இனி வேதத்துக்கு வருகிறேன்.

தானியேல் ஆகமத்தின் முதல் அதிகாரத்தை மீண்டும் வாசியுங்கள். யூதாவிலிருந்து சிறைப்பட்டுப் போன வாலிபர் நால்வர். பாபிலோன் அவர்களுக்குச் செய்த முதல் காரியம் என்ன? பெயரை மாற்றியது. தானியேல் பெல்தெஷாத்சார் ஆனான். அனனியாவும் மீஷாவேலும் அசரியாவும் சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ ஆனார்கள். பிறகு மொழியை மாற்றியது, பிறகு தட்டிலுள்ள உணவை மாற்ற முனைந்தது. நால்வரும் ஒன்றாக நின்றதனால் நின்றார்கள். தனியொருவனாய் இருந்திருந்தால் தானியேல் என்ன ஆகியிருப்பான் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. இராஜாவின் சொப்பனத்தால் உயிருக்கு ஆபத்து வந்த இரவிலும் அவன் சென்றது தன் தோழர் மூவரிடமே. தன்னைப் போன்றோரின் துணை பலவீனமன்று. அந்நிய நாட்டில் அது தேவன் கொடுத்த அரண். நம் ஆசிரியர்களின் விண்ணப்பத்துக்கு வேதத்திலுள்ள மிக வலுவான ஆதாரம் இதுவே என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு காரியங்களையும் கவனியுங்கள். அவர்கள் வாலிபர்கள், தாம் யார் என்பதை வீட்டில் கற்று முடித்து வந்தவர்கள். மேலும் கல்தேயரின் கல்வியை மற்ற எல்லாரோடும் ஒரே இடத்தில் மூன்று ஆண்டு கற்றவர்கள்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் கவனிப்பின்றி விடப்பட்டார்கள். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள், 'கிறிஸ்துவுக்குள் மொழி வேறுபாடு ஏது, பேசாதிருங்கள்' என்று அடக்கவில்லை. கிரேக்கருக்கென்று தனிப் பந்தியும் போடவில்லை. பந்தியை நடத்தும் பொறுப்பை ஏழு பேரிடம் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர் என்று தொடங்கும் அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பந்தி ஒன்றே, பரிமாறும் கை மாறியது. நம் ஞாயிறு பள்ளியில் இன்று கற்பிக்கும் ஆசிரியர்களில் மலையிலிருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. தோட்ட வேலைக்குப் போகும் குடும்பத்தவர் ஒருவரும் இல்லை. பிள்ளைகள் வாய் திறக்காததற்கு நாம் அவர்களைத்தான் ஆராய்ந்தோம்.

பந்தி என்றதும் அந்தியோகியாவும் நினைவுக்கு வருகிறது. புறஜாதியாரோடு உண்டு வந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு முகம் எதிர்த்து நின்றார். பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை, இருக்கையைத்தான் மாற்றினார். 2023-இல் காலை உணவுத் திட்டம் மாநிலமெங்கும் விரிந்தபோது, பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில ஊர்களில் பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ணவிடவில்லை என்ற செய்திகளை வாசித்தோம். அவை தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள். உப்புமாவின் சுவை அவர்களுக்குத் தெரியும். சமைத்தவரின் சாதியை வீட்டில்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்லும் அருகதை திருச்சபைக்கு உண்டா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்து ஆலயத்தில் ஒரே பலிபீடத்தின் முன் சாதிக்கொரு புறமாக மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. இடித்த பிறகு வழக்கு நீதிமன்றம் சென்றது. புராட்டஸ்டண்டு சபைகளில் சாதியை விலக்கும்படி பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் எழுதிய சுற்றுமடலுக்குத் தஞ்சைப் பகுதியில் கிளம்பிய எதிர்ப்பும் சிறிதன்று. சுவரில்லாத ஆலயங்களிலும் கல்லறைத் தோட்டங்கள் பேசுகின்றன. நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரான குடும்பத்தின் பிள்ளை தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறது. ஊரார் கண்ணில் மட்டும் அது பழைய தெருவின் பிள்ளையாகவே நிற்கிறது. தான் யார் என்று அப்பிள்ளை கேட்கையில் சான்றிதழ் ஒன்று சொல்கிறது, தெரு ஒன்று சொல்கிறது, ஞானஸ்நானம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது. இம்மூன்றையும் ஏழு வயதில் தனியே சுமக்க விடலாகாது என்று நம் ஆசிரியர்கள் பதைப்பது நியாயமே.

ஆகவே என் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். தீர்மானம் சபைக் குழுவுடையது.

பிறப்பைக் கொண்டு சிறு பிள்ளைகளைப் பிரிக்கும் எந்தப் பட்டியலையும் நாம் தயாரிக்கக் கூடாது. சாதிச் சான்றிதழைப் பார்த்தோ, தெருவின் பெயரைப் பார்த்தோ, தோற்றத்தைப் பார்த்தோ ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளையிடம், 'நீ அந்தக் குழுவுக்குப் போ' என்று சொன்னால், அந்த வார்த்தையை அப்பிள்ளை எழுபது வயது வரை மறக்காது. பதினைந்து வயதுப் பிள்ளை தானே தேடிக் கூடுவது வேறு. ஏழு வயதுப் பிள்ளையை நாம் கூட்டி வைப்பது வேறு. தானியேல் தன் தோழரைத் தானே கண்டுகொண்டான்.

எனினும் சனிக்கிழமைக் கூடுகை நடக்கட்டும். தாய் விடியும் முன்னே மலைக்குப் போகும் பிள்ளைகள் என்ற நிலைமை அதற்கு அடிப்படையாக இருக்கட்டும்; அந்நிலைமையில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் உண்டு. கதவு திறந்திருக்கட்டும், ஒரு பிள்ளை தன் வகுப்புத் தோழனைக் கையைப் பிடித்து அழைத்து வந்தால் அவனும் உட்காரட்டும். முதுவர் பிள்ளைகள் தம் பேச்சிலேயே கதை சொல்லட்டும்; அதை நடத்த அவர்கள் குடியிலிருந்தே ஒருவரைத் தேடி அழைப்போம், மதிப்பூதியமும் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பிள்ளைகளைத் தனியே மேடையேற்றி, மலைவாழ் பிள்ளைகளின் பாடல் என்று அறிவித்துக் கைதட்டும் வழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம். அது அன்பின் பெயரால் கட்டப்படும் இன்னொரு கயிறு. பொது வகுப்பில் அகர வரிசை இருக்கை என்ற சந்துரு குழுவின் எளிய ஏற்பாட்டை நாமும் கைக்கொள்ளலாம். செலவில்லாதது, நாளைக்கே செய்யக் கூடியது. அக்குழு வாரந்தோறும் கேட்ட அறநெறி வகுப்பு ஆறாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஐந்தாண்டுகளும் வீட்டுக்கும் நமக்கும் விடப்பட்டிருக்கின்றன.

மூப்பரின் வருத்தத்துக்கு ஒரு வார்த்தை. கலந்து உட்கார வைத்துவிட்டால் கலந்துவிடும் என்று நாம் நெடுங்காலம் நம்பி வந்தோம், ஐயா. முப்பது பிள்ளைகளின் நடுவே ஒரே ஒரு பளியர் பிள்ளை உட்கார்ந்திருக்கையில், அது கலந்திருக்கிறதா, காணாமற்போயிருக்கிறதா என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பன், அந்த ஒன்றைத் தனிக் கிடையில் அடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள். உண்மை. ஆனால் தோளின்மேல் ஏற்றித் தனியே சுமந்து வந்தார். அந்த வழிநடை முழுவதும் அதற்கு மட்டும் உரியதாயிருந்தது.

இதைப் பற்றிப் பேச வருகிற சனிக்கிழமை இரவு 7.30 மணிக்கு ஆலயத்தில் கூடுகிறோம். மலைக்குப் போய்த் திரும்பும் தாய்மார் கைகால் கழுவி வந்து சேர வேண்டுமென்றே இந்நேரத்தை வைத்தோம். முதலில் அவர்கள் பேசுவார்கள்; சபைக் குழுவினர் பிறகு பேசுவார்கள். வடக்குத் தெரு வாலிபர்கள் பிள்ளைகளைப் பின்னறையில் பார்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டைச் சமைத்துத் தர இரண்டு குடும்பங்கள் முன்வந்துள்ளன; இன்னும் இருவர் சேர்ந்தால் நலமாயிருக்கும். அன்று பந்தி ஒரே வரிசையாக ஆலய முற்றத்தில் நடைபெறும்.

கர்த்தர் உங்களோடிருப்பாராக.